கேம்ப்ரன் பெயரின் கிரயம்

வக்கீல் டட்லி ப்ரூவிட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வரியை இரண்டாம் முறையும் உரக்கப் படித்தார்.

“‘மேற்சொன்ன ஆலை, ஊற்று, செம்பு அண்டாக்கள், கிடங்கு இவற்றுடன், கேம்ப்ரன் என்ற பெயரையும், அது எந்த உருவில் எந்தச் சாராயத்தின்மேல் வந்தாலும், என்றென்றைக்குமாக வாங்குபவருக்கே விட்டுக்கொடுத்தேன்.’ கீழ உங்க கையெழுத்து இருக்கு ஆம்ப்ரோஸ். கம்பெனிக்காரங்க கேஸே இந்த ஒரு வரிதான். வேற ஒண்ணும் வேண்டாம் அவங்களுக்கு.”

ஆம்ப்ரோஸ் கேம்ப்ரன் முழங்கால்மேல் தொப்பியை வைத்துத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஐம்பத்தொரு வயது. ஒன்பது வயதிலிருந்து ஊறல் கிளறிய கை, தொப்பியின் ஓரத்தை அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து நாற்காலியில் அவன் அக்கா மார்செல்லா. அந்த வரி அவளுக்குப் பத்து வருஷமாக மனப்பாடம்.

“அந்த வரி அன்னிக்கு இல்ல,” என்றான் ஆம்ப்ரோஸ்.

“பதிவான பத்திரம்யா. நடுவுல யாரும் சொருக முடியாது.”

“இல்லைன்னா இல்லதான். ஒவ்வொரு சொல்லா எனக்கு ஞாபகம் இருக்கு. அக்கா படிச்சுக்காட்டினப்போ...” என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

ப்ரூவிட் தலையைத் தூக்கினார். “படிச்சுக்காட்டினாங்களா? ஏன், நீங்க படிக்கலையா?”

“கண்ணாடி வீட்டுல இருந்துச்சு.”

“பத்திரம் எழுதினதே உங்க வீட்டுலதானே?”

ஆம்ப்ரோஸின் காது நுனி சிவந்தது. அவன் எழுந்து, குதிரைக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனான். வக்கீல் அவன் போன வழியைப் பார்த்தார், பிறகு மார்செல்லாவைப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர். கென்டக்கியில் விஸ்கி வழக்காடியே தலை நரைத்தவர்.

ஆம்ப்ரோஸுக்கு எழுத்து தெரியாது. அவன் பெயரின் எழுத்துகள் மட்டும் தெரியும். அவையும் பள்ளிக்கூடத்தில் கற்றவை அல்ல, பீப்பாய்த் தலையில் பெயரைச் சுடும் இரும்பைப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்தவை. அவன் கையெழுத்து போடுவதைக் கவனித்தால் தெரியும், எழுதமாட்டான், வரைவான். அம்மா செத்தபோது மார்செல்லா கன்னியாஸ்திரிகள் பள்ளியிலிருந்து பதினான்கு வயதில் வீட்டுக்குத் திரும்பினாள். அந்தக் குளிர்காலத்தில் தம்பிக்கு முன்னால் பலகையை வைத்துப் பார்த்தாள். அவனோ விடியற்காலையிலிருந்து ஊறல் தொட்டியடியில் நின்ற பையன், ‘பி’ வருவதற்குள் தூங்கிவிழுந்தான். “சரி விடு, நான் இருக்கேன்ல,” என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே நாற்பது வருஷம் ஓடிவிட்டது. கடிதம், செய்தித்தாள், சர்க்காருக்கு அனுப்பும் கணக்கு, எல்லாம் அவள் படிப்பாள், அவன் கேட்பான். ஒருமுறை கேட்டால் போதும், பத்து நாள் கழித்து அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்வான். பாதிரியார் வைத்த பிரசங்கத்தை அவருக்கே திருப்பிச் சொல்லி அவர் மானத்தை வாங்கியவன். ஊருக்கு அவன் கண் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

இனி அந்த விற்பனை. 1894ல் நாடு முழுக்கத் தொழில் படுத்துக் கிடந்தபோது, லூயிவில் நகரத்துக் கம்பெனி ஒன்று ஓடையோரத்து ஆலைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. கம்பெனியின் ஆள் ஹாலோவே, நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, பார்த்தால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று தோன்றும். ஆம்ப்ரோஸுக்கு விற்க அரை மனசு. அவன் மனைவி அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தாள், பிள்ளை இல்லை. விற்கவேண்டும் என்று முழு மனசாக இருந்தது மார்செல்லாதான். முப்பது வருஷமாகத் துணியில், தலைமுடியில், தின்னும் ரொட்டியில் எல்லாம் ஊறல் வாடை. ஊருக்குள் மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஒரு சின்ன வீடு, வாரம் இரண்டு பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தருவது, இதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டது ஒன்றும் பெரிய பாவமில்லை. ஆனால் அதற்காகச் செய்தது பாவம்.

சாப்பாட்டு மேசையில் பத்திரத்தை விரித்து அவள் படித்தாள். எதிரே தம்பி, பக்கவாட்டில் ஹாலோவே. பெயர் பற்றிய வரிக்குக் கண் போனதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதைப் படித்தால் இவன் எழுந்து போய்விடுவான். ஒரு இருமல் இருமினாள். அடுத்த வரியிலிருந்து படித்தாள். ஹாலோவே அவளை நிமிர்ந்து பார்த்தான், பேனாவை மைக்கூட்டில் தோய்த்து ஆம்ப்ரோஸிடம் நீட்டினான். அவ்வளவுதான் நடந்தது. பெயர் என்றால் வாசல் பலகையாக்கும், பழைய சீட்டுகளாக்கும், அது போனால் என்ன என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கம்பெனி என்ன செய்ததென்றால், ஆலையை ஒரே வருஷத்தில் இழுத்து மூடிவிட்டு, லூயிவில்லில் ஏதோ மலிவுச் சாராயத்தில் உலர்பழச் சாறும் கருக்கிய சர்க்கரையும் கலந்து ‘ஓல்ட் கேம்ப்ரன்’ என்று பாட்டிலில் அடைத்து விற்றது. ஆலை வேண்டாம், ஊற்று வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது பெயர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஆம்ப்ரோஸை நிற்கவிடமாட்டார்கள். “என்னய்யா ஆம்ப்ரோஸ், உன் சரக்கைக் குடிச்சு என் மச்சான் ரெண்டு நாளா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறான்!” என்பார்கள். அவன் சிரிக்க முயல்வான். ஊருக்குள் வாங்கிய வீட்டின் ஜன்னலோரத்தில் ஐந்து வருஷம் உட்கார்ந்தே பாதி ஆளாகிவிட்டான். கடைசியில் அவளே பொறுக்கமாட்டாமல், வீட்டை விற்கலாம், ஓடைக்கே திரும்பலாம் என்றாள்.

அதற்குள் புதுச் சட்டம் வந்திருந்தது. விஸ்கியைச் சர்க்கார் கிடங்கில் நான்கு வருஷம் பூட்டி வைத்தால் சர்க்காரே முத்திரை குத்தி உத்தரவாதம் தரும். ஒரு நிபந்தனை, காய்ச்சியவனின் மெய்யான பெயர் பீப்பாய்த் தலையில் சுடப்பட்டிருக்கவேண்டும். சட்டத்தை அவள் படித்துக் காட்டியபோது ஆம்ப்ரோஸ் மேசையைத் தட்டினான். “பார்த்தியா அக்கா! இனி எவனும் அடுத்தவன் பேரைப் போட்டு ஏமாத்த முடியாது. நான் காய்ச்சினது எதுன்னு சர்க்காரே சொல்லும்!” பத்து வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்தது அந்த ஒருநாள்தான். வீடு விற்ற பணத்தில் ஓடையோரம் ஒரு சின்ன ஆலை கட்டி, நூற்றுப் பன்னிரண்டு பீப்பாய் காய்ச்சினான். ஒவ்வொன்றிலும் கேம்ப்ரன் என்று சுட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்த மார்செல்லாவுக்கு அந்த வரியைச் சொல்ல மனம் வரவில்லை.

கம்பெனி நான்கு வருஷமும் வாய் திறக்கவில்லை. சரக்கு முதிர்ந்து, பூட்டு திறக்கும் மாதத்தில் வழக்குப் போட்டது. பெயர் எங்களுடையது, அந்தப் பெயரோடு இவன் ஒரு சொட்டும் விற்கக்கூடாது என்று.

ஒரு வாரம் கழித்து ப்ரூவிட் மார்செல்லாவை மட்டும் வரச்சொன்னார்.

“உக்காருங்கம்மா. உங்க தம்பி மாட்டியிருக்கிற பொறியைச் சொல்றேன், கேளுங்க. பேரைச் சுடலைன்னா வாஷிங்டன் சர்க்கார் பிடிக்கும். சுட்டா கம்பெனி பிடிக்கும். சுட்டதைச் சுரண்டினா ஜெயில். இப்போ அந்தப் பீப்பாய்களைச் சட்டப்படி விற்கக்கூடிய ஆள் இந்த உலகத்துல ஒருத்தன்தான் இருக்கான்.”

“யாரு?”

“கம்பெனி. பேரு அவங்களோடது பாருங்க. அவங்களுக்கே வித்துடுங்கன்னு நேத்து கடுதாசியும் வந்தாச்சு. வாங்கி, அந்தக் கலவையில ஊத்துவாங்க.”

மார்செல்லா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். “சொந்தப் பேரு எப்படிங்க ஐயா இன்னொருத்தனோடதாகும்?”

“நான் வக்கீல் தொழிலுக்கு வந்தப்போ பேருன்னா ஞானஸ்நானப் புத்தகத்துல இருக்கிறது. இந்த விஸ்கிக்காரங்க ஒருத்தன்மேல ஒருத்தன் கேஸ் போட்டுப் போட்டு, பேரும் மாடு மாதிரி கயித்தோட கைமாறுற சாமான்னு கோர்ட்டுக்கே பாடம் எடுத்துட்டாங்க. அதை விடுங்க. ஒரே ஒரு வழி இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “எழுத்து தெரியாதவனுக்குப் பத்திரத்தைத் தப்பாப் படிச்சுக்காட்டிக் கையெழுத்து வாங்கினா, அது அவன் பத்திரமே இல்ல. முந்நூறு வருஷமா இருக்கிற சட்டம். யார் படிச்சாலும் சரி, சொந்த அக்காவே படிச்சாலும் சரி. அதுவும் வாங்குறவனோட ஆளு பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தான்னா, ஜட்ஜு பத்திரத்தைத் தூக்கிக் கடாசுவார்.”

அவள் கையுறையின் பொத்தானைப் போட்டாள்.

“ரெண்டு சாட்சி வேணும். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவர் கூண்டுல ஏறிச் சொல்லணும். அந்த வரியை நான் படிக்கலைன்னு படிச்சவங்க சொல்லணும். நான் உங்களை எதுவும் கேக்கலைம்மா. சட்டத்தைத்தான் சொன்னேன்.”

வண்டியில் திரும்பும்போது அவள் ஜெபமாலையை எடுத்தாள், ஒரு மணியும் நகரவில்லை. ஊருக்கு முன்னால் சொல்வது பெரிதில்லை. ஊர் என்ன, நாலு நாள் பேசும். தம்பியிடம் சொல்லவேண்டுமே, அதுதான் பெரிது.

சர்க்கார் கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி ஆம்ப்ரோஸிடம், மற்றது சரக்கை அளந்து கணக்கு வைக்கும் சர்க்கார் அளவுகாரர் ரூஃபஸ் பென்டில்டனிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் உள்ளே போகமுடியாது. நான்கு வருஷமாகத் தினமும் காலையில் இரண்டு பேரும் கதவடியில் சந்தித்து ஒருவரையொருவர் வம்பிழுத்துக்கொண்டு திறப்பது வழக்கம்.

“வாய்யா சர்க்கார், இன்னிக்காவது சாவியை மறக்காம கொண்டாந்தியா?” என்றான் ஆம்ப்ரோஸ்.

“நான் மறந்தா நீ கதவை உடைச்சிருக்கமாட்டே? அப்புறம் உனக்கு ஜெயில்ல நானே சோறு கொண்டாரணும்.” ரூஃபஸ் மார்செல்லாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். “வாங்கம்மா. நீங்க எங்க இந்தப் பக்கம்?”

அவர் வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்காவும் தம்பியும் உள்ளே போனார்கள். உள்ளே இருட்டும் ஈரமும். வரிசை வரிசையாகப் பீப்பாய்கள், ஒவ்வொன்றின் தலையிலும் அவர்கள் பெயர். ஆம்ப்ரோஸ் சின்ன மரச்சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி ஒழுகல் பார்த்துக்கொண்டே போனான்.

“ஆம்ப்ரோஸ், அந்த வரி அன்னிக்கும் இருந்துச்சு.”

அவன் தட்டிக்கொண்டே போனான்.

“நான்தான் படிக்கலை. பார்த்தேன், படிக்காம தாண்டிட்டேன். படிச்சா நீ கையெழுத்துப் போடமாட்டேன்னு தெரியும். எனக்கு இந்த இடத்தை விட்டுப் போகணும்போல இருந்துச்சுடா. வேற காரணம் ஒண்ணும் கிடையாது.”

சுத்தியல் நின்றது. அவன் திரும்பவில்லை. பீப்பாயைப் பார்த்தபடியே கேட்டான், “‘கிடங்கு இவற்றுடன்’னு சொல்லிட்டு இருமினியே. அங்கயா?”

“அங்கதான்.”

“உனக்குச் சளின்னு நினைச்சேன். மறுநாள் தேனும் வெங்காயமும் வச்சுக் கஷாயம் போட்டுக் குடுத்தேன்.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கஷாயத்தை அவள் குடித்தும் இருந்தாள். வக்கீல் சொன்னதையெல்லாம் சொன்னாள், இரண்டு சாட்சி, முந்நூறு வருஷத்துச் சட்டம், எல்லாம். “நீ சரின்னா நான் கூண்டுல ஏறிச் சொல்றேன். ஊரு என்ன வேணா சொல்லட்டும். உன் பேரு உனக்குத் திரும்ப வந்துடும்.”

“சொல்லு,” என்றான் அவன். “சொல்றதுன்னா சொல்லு.” மறுபடியும் தட்ட ஆரம்பித்தான். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வழக்கு நடந்த அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. மொச்சையும் பன்றிக்கறியும் கொதிக்க வைத்துவிட்டு வந்த பெண்கள்கூட அடுப்பை மறந்து நின்றார்கள். முன்வரிசையில் ஹாலோவே, கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான், உடுப்பு இன்னும் நன்றாகத்தான் இருந்தது. குமாஸ்தா முதலில் பத்திரத்தை முழுக்கப் படித்தார். பிறகு ப்ரூவிட் மார்செல்லாவைக் கூப்பிட்டார்.

அவள் வேதபுத்தகத்தில் கை வைத்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஊர் வீட்டு ஆசையைச் சொன்னாள், இருமலைச் சொன்னாள். “ஹாலோவே ஐயாவும் கேட்டுக்கிட்டுதான் இருந்தார். நான் தாண்டினது அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார், அப்புறம் பேனாவை எடுத்தார்,” என்றாள். முகத்தில் ஈயாடாமல் ஹாலோவே ஜன்னலைப் பார்த்தான். பின்னாலிருந்து யாரோ “அடிப்பாவி!” என்றது அவள் காதில் விழுந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அவளுக்கு வலிக்கவில்லை. பத்து வருஷத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. கூண்டிலிருந்து இறங்கும்போது கால் தரையில் படவில்லை.

அடுத்து ஆம்ப்ரோஸ். ப்ரூவிட் கிட்டத்தட்டப் புன்னகையோடு கேட்டார், “மிஸ்டர் கேம்ப்ரன், இதைக் கேக்கறதுக்கு மன்னிக்கணும். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

ப்ரூவிட்டின் வாய் திறந்தபடி நின்றது. “கேள்வி சரியா விழலையோ என்னவோ. படிக்க...”

“காது நல்லாத்தான் கேக்குது. படிக்கத் தெரியும்னேன்.”

கம்பெனி வக்கீல் சும்மா விடுவாரா? ஒரே தாவில் எழுந்து, குமாஸ்தா மேசையிலிருந்த பத்திரத்தை எடுத்து நீட்டினார். “அப்படின்னா இதைக் கொஞ்சம் படிங்க பார்ப்போம்.”

ஆம்ப்ரோஸ் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினான். பத்திரத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தான். படித்தான். முதல் வரியிலிருந்து, தடுக்காமல், குமாஸ்தா நிறுத்திய இடத்தில் நிறுத்தி, ப்ரூவிட் அழுத்திய இடத்தில் அழுத்தி. ‘கேம்ப்ரன் என்ற பெயரையும், அது எந்த உருவில் எந்தச் சாராயத்தின்மேல் வந்தாலும்’ என்று வந்தபோது அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. முதல் தாள் முடிந்து இரண்டாம் தாளின் விஷயம் நாலு சொல் போன பிறகுதான் தாளைத் திருப்பினான். அதை யாரும் கவனிக்கவில்லை, மார்செல்லாவைத் தவிர. கடைசிப் புள்ளி வரைக்கும் சொல்லிவிட்டுப் பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“கையெழுத்துப் போடறதுக்கு முந்தி இதை நீங்களே படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“பெயர் பத்தின வரியையும்?”

“அதையும்.”

“அப்போ உங்க சகோதரி இப்போ சத்தியம் பண்ணிச் சொன்னது?”

ஆம்ப்ரோஸ் அவளைப் பார்க்கவில்லை. “அக்காவுக்கு வயசாயிடுச்சுங்க. என்மேல ரொம்பப் பாசம். என்னைக் காப்பாத்தணும்னு எதையாவது சொல்லும்.”

அந்த அறையில் உண்மையை நேரில் கண்டவர்கள் மூன்று பேர். ஒருவன் கூண்டில் நின்றான், ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மூன்றாவது ஆளான ஹாலோவே தலையைக் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்தவன் முகம் அப்படி இருக்காது.

தீர்ப்புக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பெயர் கம்பெனியுடையது, தடை உத்தரவு நிரந்தரம். கூடவே நீதிபதி, வயதான அம்மாள் ரத்த பாசத்தால் சொன்ன பொய்யைக் கோர்ட்டு கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று பெரிய மனசோடு ஒரு வார்த்தை சேர்த்தார். வாழ்க்கையில் அவள் பட்ட அவமானங்களில் அந்தக் கருணையைப்போல் எரிந்தது வேறில்லை. முப்பது வருஷம் ஒன்றாகப் பாடிய கோயில் பாட்டுக்காரிகள் படியில் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். பொய் சொன்னபோது ஊர் அவளை நல்லவள் என்றது. உண்மையைச் சொன்ன அன்று பொய்க்காரி ஆனாள்.

வண்டியில் வரும்போது, “ஏன்டா இப்படிப் பண்ணினே?” என்று கேட்டாள். அவன் குதிரையின் முதுகைப் பார்த்தே ஓட்டிவந்தான். அடுத்த நாளும் கேட்டாள், அதற்கடுத்த வாரமும் கேட்டாள். “சோளரொட்டி இருக்கா?” என்பான், “நாளைக்கு மழை வரும்,” என்பான். கோபமாகப் பேசினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. அவன் மரியாதையாகவே பேசினான்.

பீப்பாய்களைக் கம்பெனிக்கே விற்றான், வேறென்ன செய்வான். வண்டிகள் வந்த அன்று ரூஃபஸ் தன் பூட்டைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை வம்பும் இழுக்காமல் ஒதுங்கி நின்றார். நூற்றுப் பன்னிரண்டும் உருண்டு வெளியே போகும்வரை ஆம்ப்ரோஸ் கதவோரமாக நின்றான். கடைசிப் பீப்பாயைக் கையால் நிறுத்தி, அதன் தலையை ஒருமுறை தடவிவிட்டுத் தள்ளிவிட்டான்.

மார்செல்லா தனக்கு ஒரு சமாதானம் செய்துகொண்டாள். மானஸ்தன், ஊரே கூடியிருந்த இடத்தில் ‘நான் தற்குறி’ என்று எப்படிச் சொல்வான்? வக்கீல் கேட்டதும் நாக்கு மறுத்துவிட்டது, அப்புறம் சொன்னதைக் காப்பாற்ற அக்காவைப் பொய்க்காரி ஆக்கவேண்டியதாயிற்று. வெட்கம்தான் காரணம், வேறில்லை. வெட்கம் என்றால் அவளுக்குப் புரியும், மன்னிக்கவும் முடியும். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒரு மாதம் சமைத்தாள், துவைத்தாள், அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நவம்பரில் சர்க்காரிடமிருந்து ஒரு நீளக் கவர் வந்தது. ஆலை உரிமம் பற்றியதாக இருக்கும். வழக்கம்போல் மேசையைத் துடைத்துவிட்டு, கையையும் துடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். ஆம்ப்ரோஸ் கவரைப் புரட்டிப் பார்த்தான். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் திரும்பியபோது கவர் பிரிந்திருந்தது.

மறுநாள் காலை ரூஃபஸ் சமையலறை வாசலில் வந்து நின்றார். கிடங்கு காலி, அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது, சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். அவள் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவர் நின்றபடியே பாதியைக் குடித்துவிட்டுத் தயங்கினார்.

“நீங்க வேற யார் வாயாலயாவது கேக்கறதுக்கு முந்தி நானே சொல்லிடறேம்மா. நேத்து மளிகைக் கடையில நாங்க ஏழெட்டுப் பேர் அடுப்பைச் சுத்தி உக்காந்திருந்தோம். ஆம்ப்ரோஸ் நேரா வந்து கவரை என் கையில குடுத்து, ‘ரூஃபஸ், எனக்கு எழுத்து தெரியாது, இதைப் படி’ன்னார்.”

கையிலிருந்த காப்பிக் கெட்டிலை அவள் மெல்ல அடுப்பின்மேல் வைத்தாள். “எல்லார் முன்னாலயுமா?”

“எல்லார் முன்னாலயும்தான். கடைக்காரர் சிரிச்சுட்டு, ‘கோர்ட்டுல பத்திரத்தையே படிச்சீரே ஐயா’ன்னார். ‘அது குமாஸ்தா படிச்சதைக் கேட்டுச் சொன்னேன். அ, ஆ தெரியாத ஆளு நான், வேணும்னா ஊரெல்லாம் போய்ச் சொல்லு’ன்னார். கூச்சமே இல்லம்மா. எனக்குத்தான் கூச்சமாப் போச்சு.”

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். அவ்வளவு நாள் பிடித்து வைத்திருந்த சமாதானம் கையை விட்டுப் போய்விட்டது. வெட்கமில்லை. வெட்கம் காரணமே இல்லை.

“நான் கேட்டேம்மா,” என்றார் ரூஃபஸ், தொப்பியைத் திருப்பிக்கொண்டே. “‘வீட்டுல உங்கக்கா இருக்காங்களே, நாற்பது வருஷமா அவங்கதானே உமக்குப் படிக்கிறாங்க, என்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீர்’னு.”

“என்ன சொன்னான்?”

ரூஃபஸ் மீதிக் காப்பியைக் குடித்தார்.

“பரவாயில்ல, சொல்லுங்க. சொன்னதை அப்படியே சொல்லுங்க.”

“‘நீ ஒரு வரி விடாம படிப்பே’ன்னார்மா.”

அவள் தலையாட்டினாள். ரூஃபஸ் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். பிறகு வருகிறேன் என்றார். அவள் எழுந்து கதவுவரை வந்து அவரை அனுப்பிவைத்தாள், திரும்பி வந்து தம்பிக்கு மதியச் சாப்பாட்டுக்கு மாவு பிசைய ஆரம்பித்தாள்.